சிஸ்-நெட்டுக்கு டைனமிக் மெமரி ஏன் கிடையாது? சர்வீஸ் விஎம்களுக்கு ரேம் எவ்வளவு வைக்கிறீர்கள்?

இரவுப்பறவை:

16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் க்யூப்ஸ் ஓஎஸ் 4.2 (ஒவ்வொரு வேலையையும் தனித்தனி மெய்நிகர் கணினியில், அதாவது விஎம்மில், பிரித்து வைக்கும் இயங்குதளம்) ஓடுகிறது. நெட்வொர்க் கார்டை வைத்திருக்கும் சிஸ்-நெட், அதற்கும் மற்ற விஎம்களுக்கும் நடுவே நிற்கும் சிஸ்-ஃபயர்வால், யூஎஸ்பி சாதனங்களை வைத்திருக்கும் சிஸ்-யூஎஸ்பி என்ற மூன்று சர்வீஸ் விஎம்களும் எப்போதும் ஓடும், அவற்றின் மேல் உலாவிக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று ஆப் விஎம்கள். இன்னொன்றைத் திறக்கப் போனால்தான் வம்பு: டொமைனை (விஎம்மை) தொடங்கப் போதிய நினைவகம் இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. கொஞ்சம் விட்டு மறுபடி முயன்றால் சில சமயம் திறந்தும் விடுகிறது.

ஆப் விஎம்கள் 400 எம்பியில் தொடங்கி 4000 எம்பி வரை தேவைக்கேற்ப ஏறி இறங்குகின்றன, அது அருமையாக நடக்கிறது. ஆனால் சிஸ்-நெட்டும் சிஸ்-யூஎஸ்பியும் தொடக்கத்தில் வாங்கியதைக் கடைசி வரை விடுவதில்லை. சிஸ்-யூஎஸ்பிக்குள் போய் ஃப்ரீ கட்டளை போட்டால் பாதிக்கு மேல் சும்மா கிடப்பது தெரிகிறது. செட்டிங்ஸில் மெமரி பேலன்ஸிங்கில் (ரேமைத் தேவைக்கேற்ப விஎம்களுக்கிடையே மாற்றித் தருவது, அதாவது டைனமிக் மெமரி) சேர்ப்பதற்கான கட்டத்தை டிக் செய்யப் போனால் பிசிஐ சாதனம் (நெட்வொர்க் கார்டு, யூஎஸ்பி கன்ட்ரோலர் போன்றது) இணைந்திருப்பதால் முடியாது என்கிறது.

சிஸ்-ஃபயர்வால் கதை நேரெதிர். அதற்கு பேலன்ஸிங் உண்டு, ஆனால் ஜென்டாப்பில் (ஒவ்வொரு விஎம்மும் வைத்திருக்கும் ரேமைக் காட்டும் கட்டளை) பார்த்தால் ஒரு ஜிபிக்கு மேல் வைத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் வரும் பாக்கெட்டை அந்தப் பக்கம் தள்ளுவதற்கு எதற்கு இவ்வளவு?

பிசிஐ இருந்தால் ஏன் முடியாது என்று விளக்கமாகத் தெரிய வேண்டும். வெறும் எச்சரிக்கைதானா, கான்ஃபிக் கோப்பைத் திருத்திக் கட்டாயப்படுத்தலாமா? இல்லையென்றால் இந்த மூன்றுக்கும் எவ்வளவு வைப்பது நியாயம்?

கல்தச்சன்:

கட்டாயப்படுத்த வேண்டாம். அது காரணத்தோடு போட்ட தடை.

சாதாரண விஎம்மை 400/4000 என்று தொடங்கும்போது, உள்ளே இருக்கும் கர்னலுக்கு 4000 வரை வளரலாம் என்று சொல்லியிருப்போம், ஆனால் பின்னால் உண்மையான ரேம் 400க்குத்தான் இருக்கும். எச்விஎம் (வன்பொருள் உதவியோடு ஓடும் விஎம்) வகையில் ஜென் (க்யூப்ஸுக்கு அடியில் விஎம்களை ஓட்டும் ஹைப்பர்வைசர்) இதற்கு பாப்புலேட் ஆன் டிமாண்ட் என்ற முறையை வைத்திருக்கிறது: விஎம் நினைவகத்தின் ஒரு பக்கத்தை (4 கேபி துண்டு) தொட்டால் சிபியு ஃபால்ட் ஆகும், ஜென் அந்த நொடியில் ஒரு உண்மைப் பக்கத்தை எடுத்து அங்கே பொருத்தும், நின்ற கட்டளை மறுபடி ஓடும். விஎம்முக்கு எதுவுமே தெரியாது.

சிபியு செய்யும் அணுகலுக்கு இது சரி. நெட்வொர்க் கார்டு சிபியு வழியாக வருவதில்லை, டிஎம்ஏ மூலம் நேராக ரேமில் எழுதுகிறது, நடுவில் முகவரியை மாற்றித் தருவது ஐஓஎம்எம்யூ. கார்டு எழுதப்போகும் முகவரிக்குப் பின்னால் பக்கம் இல்லையென்றால் ஐஓஎம்எம்யூ ஃபால்ட் தரும், ஆனால் சாதாரண பிசிஐ சாதனங்களுக்கு "கொஞ்சம் பொறு, பக்கத்தைப் பொருத்திவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல வழியே கிடையாது. அந்த எழுத்து அப்படியே தொலைந்துபோகும். பாக்கெட் தொலையும், அல்லது கார்டு தன் ஃபர்ம்வேருக்கு வைத்திருக்கும் வரிசையே சிதைந்து டிரைவர் விழும். அதனால்தான் பிசிஐ பாஸ்த்ரூவும் (சாதனத்தை நேராக விஎம்முக்குள் கொடுப்பது) பாப்புலேட் ஆன் டிமாண்டும் ஒரே விஎம்மில் சேரவே கூடாது என்று ஜெனே மறுத்துவிடுகிறது. க்யூப்ஸ் ஒரு படி முன்னால் போய், பிசிஐ சாதனம் மாட்டிய விஎம்மை பேலன்ஸிங்கிலிருந்தே எடுத்துவிடுகிறது.

இரவுப்பறவை:

விளக்கம் தெளிவு. ஆனால் இதில் பிரச்சினை தொடக்கத்தில் பக்கம் இல்லாததுதானே? முழு நினைவகத்தையும் கொடுத்துத் தொடங்கிவிட்டு, அப்புறம் பலூன் டிரைவர் மூலம் வேண்டாததைத் திரும்ப வாங்கினால்? விஎம்மே "இந்தப் பக்கங்கள் எனக்கு வேண்டாம்" என்று விட்டுக்கொடுக்கிறது, அப்படி விட்டதில் கார்டு எழுதப்போவதில்லையே.

நீரோட்டம்:

தர்க்கம் சரிதான். ஒழுங்கான டிரைவர் என்றால் விட்டுக்கொடுத்த பக்கத்தில் டிஎம்ஏ போகாது. ஆனாலும் செய்யாதீர்கள், அதற்கு ஜென் காரணம் இல்லை, நெட்வொர்க் காரணம். நான் நெட்வொர்க் டிரைவர்களோடு மல்லுக்கட்டுபவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இதில் மிச்சமாவது எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். டோம்0வில் (எல்லா விஎம்களையும் நிர்வகிக்கும் முதன்மை விஎம்) ஓடும் க்யூமெம்மேன் என்ற நினைவக மேலாளர் ஒவ்வொரு விஎம்மும் பயன்படுத்தும் அளவை 1.3ஆல் பெருக்கி, அதை அந்த விஎம்முக்கு விருப்பமான அளவாக எடுத்துக்கொள்கிறது. குறைந்தபட்சம் 200 எம்பி. இரண்டும் டோம்0வில் க்யூமெம்மேன் கான்ஃபிக் கோப்பிலேயே இருக்கின்றன, திறந்து பார்க்கலாம். சிஸ்-நெட் உண்மையில் 230 எம்பி பயன்படுத்துகிறது என்று வையுங்கள், 1.3ஆல் பெருக்கினால் 299. அதாவது 400 கொடுத்த இடத்தில் 100 எம்பி மிச்சம். 16 ஜிபியில் 100 எம்பி! ஒரு உலாவி டேபைக் கூடுதலாகத் திறந்தால் போய்விடும்.

இப்போது அதற்கு என்ன விலை என்று பாருங்கள். விஎம்முக்குள் மெம்இன்ஃபோ-ரைட்டர் என்ற சின்ன நிரல் நொடிக்குப் பத்து முறை நினைவக அளவைப் பார்க்கும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறியிருந்தால் மட்டும் டோம்0க்குச் சொல்லும். டோம்0 கணக்குப் போட்டு, வேறொரு விஎம்மிடம் "சுருங்கு" என்று சொல்லி, அது சுருங்கிய பிறகு இங்கே "விரிந்துகொள்" என்று சொல்ல வேண்டும். உலாவிக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை, பக்கம் திறக்க அரை நொடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

நெட்வொர்க் கார்டுக்கு அப்படி இல்லை. ஒரு கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு 125 எம்பி, அந்தப் பத்தில் ஒரு நொடிக்குள் மட்டும் 12 எம்பிக்கு மேல் வந்து விழும். வரும் பாக்கெட்டுக்கு இடம் ஒதுக்குவது இன்டரப்ட் சூழலில் நடக்கிறது, அங்கே கர்னல் தூங்க முடியாது, கேஷைக் காலிசெய்துவிட்டு வருகிறேன் என்று காத்திருக்கவும் முடியாது. அந்த நொடியில் கைவசம் உள்ள வெற்றுப் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் பாக்கெட்டைக் கீழே போட வேண்டும். விஎம்மை விளிம்பு வரை சுருக்கி வைத்திருந்தால் அந்தக் கையிருப்பு மிகக் குறைவாக இருக்கும். டிசிபி மறுபடி அனுப்பும் என்பது உண்மை, ஆனால் வேகம் பாதியாகும், வீடியோ அழைப்பு திக்கும், காரணம் எங்கே என்று தேடி நீங்கள் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: வைஃபை டிரைவர் தொடங்கும்போது சில இடங்களில் துண்டு துண்டாக இல்லாமல் அடுத்தடுத்து இருக்கும் பக்கங்களாகக் கேட்கும். பூட் ஆனவுடன் நினைவகம் சுத்தமாக இருக்கும், கிடைத்துவிடும். லேப்டாப்பைத் தூங்க வைத்து எழுப்பும்போது டிரைவர் மறுபடி ஏறும், அதற்குள் நினைவகம் சிதறிப்போயிருக்கும். மொத்தத்தில் 60 எம்பி காலி என்று ஃப்ரீ காட்டும், ஆனால் சேர்ந்தாற்போல் தேவையான அளவு இருக்காது. டிமெசெக்கில் (கர்னலின் பதிவைக் காட்டும் கட்டளை) பேஜ் அலோகேஷன் ஃபெயிலியர் என்று வரி வரும், பக்கத்திலேயே ஆர்டர் என்று ஓர் எண் இருக்கும். ஆர்டர் 0 என்றால் ஒற்றைப் பக்கமே கிடைக்கவில்லை, உண்மையாகவே ரேம் போதாது. ஆர்டர் 4, 5 என்று வந்தால் சேர்ந்த பக்கங்கள் கிடைக்கவில்லை என்று பொருள் (ஆர்டர் 4 என்பது 16 பக்கங்கள், 64 கேபி). "தூங்கி எழுந்தால் வைஃபை வரமாட்டேன் என்கிறது, சிஸ்-நெட்டை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது" என்று புலம்பும் எல்லோரும் முதலில் இந்த வரியைத் தேடிப் பாருங்கள். இருந்தால் 100 எம்பி கூட்டுங்கள்.

என் கருத்து ஒன்றுதான்: ஆப் விஎம்முக்கு டைனமிக், வன்பொருளைத் தொடும் விஎம்முக்கு அளந்து பார்த்து வைத்த நிலையான அளவு.

பட்டறை_09:

க்யூப்ஸ் மட்டும் இப்படி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் கேவிஎம் (லினக்ஸ் கர்னலின் சொந்த ஹைப்பர்வைசர்) பக்கம். அங்கே விஎஃப்ஐஓ மூலம் சாதனத்தை உள்ளே கொடுத்தால் விஎம்மின் மொத்த ரேமும் இடம் மாறாமல் பூட்டப்பட்டுவிடும், ஹோஸ்ட் ஒரு பக்கத்தைக்கூட நகர்த்தவோ ஸ்வாப் செய்யவோ முடியாது. பலூனை ஊதினாலும் ஹோஸ்ட் பக்கத்தில் ஒன்றும் விடுபடாதபடி கியூஈஎம்யூ (விஎம்முக்கு வன்பொருளைப் போல நடிக்கும் நிரல்) தடுத்து வைத்திருக்கிறது. விஎம்வேரில் டைரக்ட்பாத் ஐஓ போட்டால் நினைவகம் முழுவதையும் ரிசர்வ் செய்தே ஆக வேண்டும். ஹைப்பர்-வியில் நேரடிச் சாதன ஒதுக்கீடு உள்ள விஎம்முக்கு டைனமிக் மெமரி கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது.

பலூனிங் உத்தியை விஎம்வேர் ஈஎஸ்எக்ஸுக்காக 2002இல் கட்டுரையாக எழுதியபோது சாதனத்தை நேராக விஎம்முக்குள் கொடுப்பது என்ற வழக்கம் இல்லை. சாதனம் முழுக்க ஹைப்பர்வைசர் கையில் இருக்கும் என்ற எண்ணத்தில் பிறந்த உத்தி அது. பின்னால் ஐஓஎம்எம்யூ வந்து சாதனம் விஎம்முக்குள் போனதும் இரண்டும் முட்டிக்கொண்டன. எல்லா ஹைப்பர்வைசரும் ஒரே இடத்தில் வந்து நிற்பதற்கு அதுதான் காரணம்.

கல்தச்சன்:

சிஸ்-ஃபயர்வால் ஒரு ஜிபி வைத்திருப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. அது பசியால் எடுத்தது இல்லை. க்யூமெம்மேன் எல்லா விஎம்களுக்கும் விருப்பமான அளவைக் கொடுத்த பிறகு ரேம் மீதம் இருந்தால் அதைச் சும்மா வைத்திருக்காது, எல்லோருக்கும் அவரவர் விகிதப்படி பகிர்ந்துவிடும், டிஸ்க் கேஷாகவாவது உதவட்டும் என்று. சிஸ்-ஃபயர்வாலுக்கும் பங்கு வருகிறது. இன்னொரு விஎம்மைத் தொடங்கினால் அதிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். நீங்கள் சொன்ன "கொஞ்சம் விட்டு மறுபடி முயன்றால் திறக்கிறது" என்பதும் பெரும்பாலும் இதனால்தான்: திரும்ப வாங்குவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது, குறிப்பாக ஏதாவது ஒரு விஎம் ஸ்வாப்பில் சிக்கி மெதுவாகச் சுருங்கும்போது.

அதனால் ஜென்டாப் காட்டும் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். விஎம்முக்குள் போய் ஃப்ரீ கட்டளையின் அவெய்லபிள் நெடுவரிசையைப் பாருங்கள், அதுதான் உண்மை.

இன்னொரு நுணுக்கம். லினக்ஸ் கர்னல் ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் 64 பைட் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும், அதாவது 64இல் ஒரு பங்கு. விஎம்மின் உச்ச அளவு 4000 எம்பி என்றால் அந்தக் கணக்குக்கு மட்டும் 62 எம்பிக்கு மேல். பழைய பதிப்புகளில் 400இல் தொடங்கும் விஎம்மிலும் இந்த 62 முதலிலேயே போய்விடும், உச்ச அளவு தொடக்க அளவைப் போல் பத்து மடங்குக்கு மேல் போகக்கூடாது என்ற விதியும் இதனால் வந்ததுதான். பின்னால் மெமரி ஹாட்பிளக் (ஓடும்போதே ரேம் சேர்க்கும் முறை) வந்ததால், ஆதரிக்கும் கர்னல்களில் இந்தச் சுமை குறைந்தது. ஆனாலும் வெறும் பாக்கெட் தள்ளும் விஎம்முக்கு 4000 உச்சம் வேண்டவே வேண்டாம். சிஸ்-ஃபயர்வாலில் மேக்ஸ்மெம்மை (உச்ச அளவு; 0 என்றால் பேலன்ஸிங் இல்லை) 0 ஆக்கி 500 எம்பியில் நிறுத்திவிடுங்கள், மீதம் எல்லாம் ஆப் விஎம்களுக்குப் போகும்.

தறிநூல்:

கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை, அவசரப்பட்டு யாரும் செய்துவிடாதீர்கள்.

டோம்0க்கு நெட்வொர்க் கிடையாது. அதன் அப்டேட்களை வேறொரு விஎம் இறக்கித் தர வேண்டும், இயல்பாக அந்த வேலை சிஸ்-ஃபயர்வாலிடம் இருக்கிறது. அதாவது அப்டேட் நேரத்தில் அங்கே டிஎன்எஃப் (பொதிகளை நிறுவும் நிரல்) ஓடுகிறது, மெட்டாடேட்டாவை இறக்கி, விரித்து, சார்புகளைக் கணக்கிடுகிறது. இது சில நூறு எம்பியைச் சாதாரணமாகக் கேட்கும். 500இல் பூட்டிவிட்டால் அப்டேட் பாதியில் கொல்லப்படும், ஓஓஎம் கில்லர் (ரேம் தீர்ந்தால் நிரலைக் கொல்லும் கர்னல் பகுதி) டிஎன்எஃபைத் தூக்கிவிட்டுப் போகும், டோம்0 பக்கம் புரியாத பிழைச்செய்தி ஒன்றுதான் மிஞ்சும். பாதுகாப்புக்காகவே க்யூப்ஸைத் தேர்ந்தெடுத்தவர் டோம்0 அப்டேட் இல்லாமல் ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிஸ்-ஃபயர்வாலில் பிசிஐ இல்லை, பிவிஎச்சில் (கியூஈஎம்யூ தேவைப்படாத இலகுவான விஎம் வகை) ஓடுகிறது, பேலன்ஸிங் அங்கே பத்திரமாக வேலை செய்கிறது. எப்போதாவது ஒருமுறை மட்டும் நிறைய ரேம் கேட்கும் விஎம் என்றால் டைனமிக் ஒதுக்கீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. உச்சத்தை மட்டும் 4000இலிருந்து 1200, 1500 என்று இறக்குங்கள். பகிர்ந்து தரும் மீதத்தில் அது பெரிய பங்கு எடுக்காது, அப்டேட்டும் ஓடும்.

நீரோட்டம் சொன்ன பாக்கெட் பிரச்சினை இங்கே அவ்வளவு இல்லை, கார்டின் டிஎம்ஏ சிஸ்-நெட்டோடு முடிந்துவிடுகிறது.

கல்தச்சன்:

அப்டேட் விஎம் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்டேட் வேலையை குளோபல் செட்டிங்ஸில் வேறு விஎம்முக்கு மாற்றினால் மட்டுமே 500இல் நிறுத்துவது பொருந்தும். சிஸ்-ஃபயர்வாலுக்குப் பதில் மிராஜ் ஃபயர்வால் (ஃபயர்வால் வேலை மட்டும் செய்யும் மிகச் சிறிய விஎம்) போடுபவர்கள் அப்படித்தான் செய்தாக வேண்டும், அதில் லினக்ஸே இல்லை, டிஎன்எஃப் ஓட்ட இடமே கிடையாது. ஆனால் அது 64 எம்பியில் ஓடிவிடும் என்பதால் ரேம் தட்டுப்பாடு உள்ளவர்கள் யோசிக்கலாம்.

இரவுப்பறவை:

டிமெசெக்கைத் தேடிப் பார்த்தேன். சிஸ்-நெட்டில் நீரோட்டம் சொன்ன அதே வரி இருக்கிறது, ஆர்டர் 5, எல்லாம் தூங்கி எழுந்த நேரங்களில். வைஃபை அவ்வப்போது காணாமல்போவதை நான் இந்தக் கேள்வியோடு சேர்த்தே பார்க்கவில்லை, அது தனி வியாதி என்று நினைத்திருந்தேன். அப்படியென்றால் நான் குறைக்க வந்த இடத்தில் கூட்ட வேண்டும்.

சிஸ்-யூஎஸ்பியில் மட்டும் இன்னும் சந்தேகம். அதில் மவுஸும் எப்போதாவது ஒரு பென்டிரைவும்தான். அதைக் குறைக்கலாமா?

நீரோட்டம்:

குறைக்கலாம், ஆனால் ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். உங்கள் அதிகபட்ச வேலையை அதில் செய்யுங்கள்: பென்டிரைவை மாட்டி ஒரு பெரிய கோப்பை நகலெடுங்கள், வெப்கேம் பயன்படுத்துபவர் என்றால் அதையும் கூடவே ஓட்டுங்கள், ஓடும்போது அவெய்லபிள் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். நகலெடுக்கும்போது ஃப்ரீ எண் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குப் போகும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது கேஷ். அவெய்லபிள் 100 எம்பிக்குக் கீழே போகாதவரை 50 50ஆகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 300க்குக் கீழே போக நான் பரிந்துரைக்க மாட்டேன், முழு டெஸ்க்டாப் டெம்ப்ளேட் (விஎம்முக்கு அடிப்படையான அமைப்பு) வைத்திருந்தால் அதற்கே தடுமாறும். ஸ்வாப் பயன்பாட்டையும் ஒரு கண் பாருங்கள், சர்வீஸ் விஎம் ஸ்வாப்பைத் தொட ஆரம்பித்தால் குறைத்தது போதும் என்று அர்த்தம்.

உண்மையில் ரேம் மிச்சம் பிடிக்க நல்ல வழி டெம்ப்ளேட்டை மாற்றுவது. டெபியன் மினிமல் அல்லது ஃபெடோரா மினிமல் எடுத்து, நெட்வொர்க்குக்கான க்யூப்ஸ் பொதியும் உங்கள் கார்டின் ஃபர்ம்வேரும் மட்டும் நிறுவினால் பின்னணியில் சும்மா ஓடும் சேவைகள் பாதி போய்விடும். எண்ணை மட்டும் குறைப்பது பயன்பாட்டைக் குறைக்காது, இது குறைக்கும்.

தறிநூல்:

இதோடு ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். சிஸ்-நெட், சிஸ்-யூஎஸ்பி இரண்டும் எச்விஎம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் கியூஈஎம்யூவை ஓட்ட ஒரு ஸ்டப்டொமைன் (சின்ன உதவி விஎம்) கூடவே எழுந்து நிற்கிறது. அது எடுக்கும் ரேம் நீங்கள் விஎம்முக்கு வைக்கும் எண்ணில் சேராது, ஜென்டாப்பில் டிஎம் என்று முடியும் பெயரோடு தனி வரியாகத் தெரியும். "மொத்தத்தைக் கூட்டினால் கணக்கு இடிக்கிறது" என்று குழம்புபவர்கள் அந்த வரியைப் பார்க்க வேண்டும்.

நிறுவும்போது யூஎஸ்பி சாதனங்களையும் சிஸ்-நெட்டிலேயே வைக்கும் தேர்வு ஒன்று உண்டு. அதை எடுத்தால் ஒரு விஎம்மும் அதன் ஸ்டப்டொமைனும் மிச்சம், சுளையாகச் சில நூறு எம்பி. ஆனால் நெட்வொர்க் வழியாக உள்ளே வந்தவன் கையில் உங்கள் விசைப்பலகையும் போகும். யூஎஸ்பி விசைப்பலகை பயன்படுத்துபவர் என்றால் இந்த மிச்சம் வேண்டாம். லேப்டாப்பின் சொந்த விசைப்பலகை பெரும்பாலும் யூஎஸ்பி வழியாக வருவதில்லை, அதை ஒருமுறை சரிபார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரவுப்பறவை:

யூஎஸ்பியைத் தனியாகவே வைத்துக்கொள்கிறேன். சிஸ்-நெட் 500 நிலையாக, சிஸ்-யூஎஸ்பி 300 நிலையாக, சிஸ்-ஃபயர்வால் 500இல் தொடங்கி உச்சம் 1500. மேக்ஸ்மெம்மை மாற்றியதும் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்-ஃபயர்வாலில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை, ரீஸ்டார்ட் வேண்டுமா?

கல்தச்சன்:

வேண்டும். பழைய உச்சத்தோடு பூட் ஆனது, அடுத்த முறை தொடங்கும்போதுதான் புதியதை எடுக்கும். ஆப் விஎம்கள் இணைந்திருக்கும்போது சிஸ்-ஃபயர்வாலை நிறுத்த விடாது, அவற்றை முதலில் மூடுங்கள் அல்லது அவற்றின் நெட்விஎம்மை (நெட்வொர்க் தரும் விஎம்மைக் குறிக்கும் அமைப்பு) தற்காலிகமாகக் காலியாக்குங்கள். சிஸ்-நெட்டையும் மாற்றியிருப்பதால் முதலில் சிஸ்-ஃபயர்வாலை நிறுத்தி, அப்புறம் சிஸ்-நெட்டை நிறுத்தி, சிஸ்-நெட்டிலிருந்து தொடங்கிக்கொண்டு வாருங்கள். எழுந்ததும் லேப்டாப்பை ஒரு தடவை தூங்க வைத்து எழுப்பி டிமெசெக்கைப் பாருங்கள், ஆர்டர் 5 வரி மறுபடி வந்தால் 600க்குப் போங்கள்.